கிரீன் பெல்ட்டில் வீடு வருகிறதாம், கிராமச் சங்கம் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் நகரத்தை விட்டுத் தள்ளி, கிராமப் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. ஒருநாள் கதவிடுக்கில் ஒரு துண்டறிக்கை விழும்: 'கவுன்சில் லோக்கல் பிளான் வரைவை வெளியிட்டிருக்கிறது. ஊருக்குக் கிழக்கே உள்ள வயலை கிரீன் பெல்ட்டிலிருந்து எடுத்து வீடு கட்டப் போகிறார்கள். ஆறு வாரத்துக்குள் எழுதுங்கள்.' கீழே கிராமச் சங்கத்தின் பெயர் இருக்கும். (லோக்கல் பிளான் என்பது எங்கே எத்தனை வீடு வரலாம் என்று கவுன்சில் போடும் திட்டம்.) எங்கள் ஊர்ச் சங்கத்தின் கமிட்டியில் நானும் இருப்பதால், தெரிந்தவர்கள் போன் போட்டுக் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். எல்லாமே இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சட்டம் வேறு. 2024 டிசம்பரில் திருத்திய தேசியத் திட்டக் கொள்கையை வைத்து எழுதியது. இந்தக் கொள்கையை அரசுகள் அடிக்கடி மாற்றுகின்றன, எழுதும் முன் நடப்பில் இருப்பது எது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராமச் சங்கமும் பாரிஷ் கவுன்சிலும் ஒன்றுதானே?

இல்லை. பாரிஷ் கவுன்சில் சட்டப்படி அமைந்தது, தேர்தல் வழியாக வருவது. நீங்கள் கட்டும் கவுன்சில் டாக்ஸில் ஒரு சிறு பங்கு அதற்குப் போகிறது. கிராமச் சங்கம் விருப்பப்பட்டவர்கள் சந்தா கட்டிச் சேரும் அமைப்பு. பழைய கட்டடங்கள், நடைபாதைகள், ஊரின் வரலாறு, பிளானிங் என்று அதன் அக்கறைகள் பல. பல சங்கங்கள் அறக்கட்டளையாகப் பதிவானவை, அதனால் ஒரு கொள்கையை எதிர்க்கலாம், ஆனால் இன்ன கட்சிக்கு வோட்டுப் போடுங்கள் என்று சொல்லக்கூடாது.

வீடு வருமா வராதா என்று முடிவெடுப்பது இந்த இரண்டுமே அல்ல. அந்த அதிகாரம் டிஸ்ட்ரிக்ட் அல்லது பரோ கவுன்சிலிடம் இருக்கிறது, அதற்கு மேலே மத்திய அரசின் பிளானிங் இன்ஸ்பெக்டர்.

கிரீன் பெல்ட் என்றால் பசுமையான, அழகான நிலம் என்றுதானே பொருள்?

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கிரீன் பெல்ட் அழகுக்குக் கொடுத்த பட்டம் அல்ல. அழகுக்கும் இயற்கைக்கும் வேறு பாதுகாப்புகள் உண்டு. கிரீன் பெல்ட் என்பது நகரம் கண்டபடி வழிந்து ஓடாமல் தடுக்கப் போட்ட எல்லைக்கோடு. அதற்குள் கோல்ஃப் மைதானம் இருக்கும், குதிரைக் கொட்டில் இருக்கும், கைவிட்ட நர்சரியின் உடைந்த கண்ணாடிக் கொட்டகையும் இருக்கும். அதற்கு வெளியே கண்ணைப் பறிக்கும் புல்வெளி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கிடக்கும்.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே லண்டனிலிருந்து கிளம்பும் ரோடுகளின் இருபுறமும் வீடுகள் வரிசையாக நீண்டுகொண்டே போயின. அதைப் பார்த்து வந்ததுதான் 1938-ல் லண்டனுக்கும் சுற்றியுள்ள கவுன்டிகளுக்குமான கிரீன் பெல்ட் சட்டம். 1955-ல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, மற்ற நகரங்களும் தங்களைச் சுற்றி இப்படி வளையம் போட்டுக்கொள்ள வழி செய்தார். இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 16 லட்சம் ஹெக்டேர், கிரீன் பெல்ட். சில இடங்களில் ஏறக்குறைய எல்லாமே அதுதான்: சர்ரேயின் டான்ட்ரிஜ் டிஸ்ட்ரிக்டில் 94 சதவீதம்.

கொள்கை அதற்கு ஐந்து நோக்கங்கள் சொல்கிறது. பெரிய நகர்ப்பகுதி கட்டுப்பாடின்றிப் பரவாமல் தடுப்பது. பக்கத்துப் பக்கத்து டவுன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பது. நாட்டுப்புறத்துக்குள் கட்டடம் ஊடுருவாமல் காப்பது. வரலாற்றுப் பெருமை உள்ள டவுன்களின் சூழலைக் காப்பது. நகரத்துக்குள்ளேயே கிடக்கும் பழைய நிலத்தைத் திரும்பப் பயன்படுத்தத் தூண்டுவது. நீங்கள் எழுதும் கடிதம் இந்த ஐந்தில் ஒன்றையாவது தொட்டால்தான் அது கிரீன் பெல்ட் பற்றிய கடிதம். 'என் பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள், மான் வரும்' என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவை ஐந்தில் எதிலும் சேராது.

அப்படியானால் கிரீன் பெல்ட்டில் வீடே கட்டக்கூடாதா?

கட்டலாம், அதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது லோக்கல் பிளான் வழி: 'விதிவிலக்கான சூழ்நிலை' இருப்பதாகக் கவுன்சில் காட்டினால் எல்லைக்கோட்டையே மாற்றி வரையலாம். இரண்டாவது தனி விண்ணப்பத்தின் வழி: கோடு மாறாமலே, 'மிகச் சிறப்பான காரணம்' காட்டி அனுமதி வாங்குவது. இந்த இரண்டாவது வாசல் குறுகலானது. கிராமத்துக்குள் சின்ன இடைவெளியை நிரப்பும் ஓரிரு வீடுகள், உள்ளூர்க்காரர்களுக்கான சிறு அளவு மலிவு வீடுகள் போன்றவற்றுக்கு முன்பே விதிவிலக்கு உண்டு.

'வெறும் வீட்டுத் தேவை விதிவிலக்கான சூழ்நிலை ஆகாது' என்று இன்னமும் ஊர்க் கூட்டங்களில் சொல்கிறார்கள். இந்த வாதம் கில்ட்ஃபோர்டில் தோற்றுப்போனது. 2019-ல் நிறைவேறிய கில்ட்ஃபோர்டு லோக்கல் பிளான், பழைய விஸ்லி விமானத் தளம் உள்ளிட்ட இடங்களை கிரீன் பெல்ட்டிலிருந்து எடுத்தது. காம்ப்டன், ஆக்கம் பாரிஷ் கவுன்சில்கள் கோர்ட்டுக்குப் போயின. சாதாரண வீட்டுத் தேவையும் விதிவிலக்கான சூழ்நிலையாக அமையலாம் என்று அந்த வருஷமே உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி வழக்கைத் தள்ளியது. 2024 கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், வேறு வழியில் தீராத வீட்டுத் தேவை ஒரு விதிவிலக்கான சூழ்நிலை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது.

அதற்காக வாசல் ஒரேயடியாகத் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கோட்டை மாற்றும் முன் மூன்று விஷயங்களைச் செய்து பார்த்ததாகக் கவுன்சில் காட்டியாக வேண்டும்: ஏற்கெனவே கட்டடம் இருந்த பழைய நிலத்தை முடிந்தவரை பயன்படுத்தினோம், டவுன் சென்டர்களில் அடர்த்தியைக் கூட்டிப் பார்த்தோம், பக்கத்துக் கவுன்சில்கள் கொஞ்சம் ஏற்குமா என்று கேட்டோம். சங்கம் முதலில் நோண்ட வேண்டிய இடம் இதுதான். மூடிக் கிடக்கும் ஃபேக்டரி இடம் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறதா? ஸ்டேஷன் கார் பார்க் பக்கத்தில் ஏன் இவ்வளவு குறைந்த அடர்த்தி? பக்கத்துக் கவுன்சிலுக்கு அனுப்பிய கடிதம் எங்கே?

'கிரே பெல்ட்' என்று புதிதாக ஏதோ சொல்கிறார்களே?

2024 டிசம்பரில் வந்தது. பெயரைக் கேட்டால் பழைய பெட்ரோல் பங்க், காங்கிரீட் தளம் என்று தோன்றும். அமைச்சர்களும் அந்த மாதிரி உதாரணங்களைத்தான் முன்னே வைத்தார்கள். ஆனால் வரையறை அதைவிட ரொம்ப அகலம்: கிரீன் பெல்ட்டில் இருந்தும், மேலே சொன்ன நோக்கங்களில் முதலாவது, இரண்டாவது, நான்காவது மூன்றில் எதற்கும் 'வலுவாக' உதவாத எந்த நிலமும் கிரே பெல்ட் ஆகலாம். காலம் காலமாகக் கோதுமை விளைந்த வயலும் இதில் வரும்.

கிராமத்துக்காரர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். நாட்டுப்புறம் அழிகிறது என்ற மூன்றாவது நோக்கம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அதோடு 2025 பிப்ரவரியில் வந்த அரசு வழிகாட்டல், இந்த நோக்கங்கள் பேசுவது நகர்ப்பகுதிகளையும் டவுன்களையும் பற்றி, கிராமங்களைப் பற்றி அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. இரண்டு கிராமங்கள் ஒட்டிக்கொண்டால் அது 'டவுன்கள் ஒட்டிக்கொள்வது' ஆகாது. உங்கள் ஊர்த் தேவாலயம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் ஊர் 'வரலாற்று டவுன்' ஆகாது. 'நம் ஊரும் பக்கத்து ஊரும் ஒன்றாகிவிடும்' என்று எழுதிய கடிதங்கள் கட்டுக் கட்டாக வீணாவது இதனால்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. கிராமத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியும் இடைவெளிதான். ஆனால் விதி அப்படி இருக்கும்போது அதற்குள் நின்றுதான் வாதாட வேண்டும்.

உங்கள் கிராமம் இரண்டு டவுன்களுக்கு நடுவில் இருந்தால், அந்த டவுன்களுக்கு இடையிலான இடைவெளியில் இந்த வயலுக்கு என்ன பங்கு என்று வரைபடத்தில் காட்டுங்கள். 'கிராமம்' என்று பெயர் இருந்தாலும் உங்கள் ஊர் பெரிய நகர்ப்பகுதியின் ஓரத்தோடு ஒட்டிப்போயிருந்தால், நகரம் பரவுவது என்ற முதல் நோக்கத்தை எடுங்கள். கிரே பெல்ட் என்றே வைத்துக்கொண்டாலும் நிபந்தனைகள் மிச்சம் உண்டு. இடம் போக்குவரத்து வசதியோடு இருக்க வேண்டும். மீதி கிரீன் பெல்ட்டின் அடிப்படை நோக்கம் குலையக் கூடாது. பெரிய வீட்டுத் திட்டமானால் 'பொன் விதிகள்' வேறு வரும்: வழக்கமான மலிவு வீட்டு விகிதத்தைவிட 15 சதவீதப் புள்ளி கூடுதல் (மொத்தம் 50-ஐத் தாண்டாமல்), தேவையான உள்கட்டமைப்பு, பொதுமக்கள் நடமாடப் பசுமைவெளி.

எப்போது எழுத வேண்டும்? அனுமதி கேட்டு விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

காத்திருந்தால் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். பிளானில் வயலின் பெயர் ஏறிவிட்டால், பிறகு வரும் விண்ணப்பத்தில் பேச மிஞ்சுவது எத்தனை வீடு, ரோடு எந்தப் பக்கம், மரம் எங்கே என்பது மாதிரியான கேள்விகள்தான்.

பழைய முறையில் படிகள் இப்படி: நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் நிலத்தை முன்வைக்கும் அழைப்பு, அப்புறம் 'ரெகுலேஷன் 18' கருத்துக்கேட்பு, அப்புறம் குறைந்தது ஆறு வாரம் நடக்கும் 'ரெகுலேஷன் 19', அதன்பின் இன்ஸ்பெக்டரின் விசாரணை. 18-ல் மனம்போல எழுதலாம், கவுன்சில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் கட்டம் அது. 19-ல் எழுதுவது இன்ஸ்பெக்டருக்கு. அங்கே கேள்வி ஒன்றே: பிளான் 'சவுண்ட்' ஆக இருக்கிறதா? அதாவது தேவையை ஈடுசெய்யும் விதத்தில் தயாரித்ததா, ஆதாரத்தோடு நியாயப்படுத்தியதா, நடைமுறைக்கு ஆகுமா, தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா. 2023-ல் வந்த சட்டத்தின் கீழ் புதிய பிளான் முறை ஒன்று அறிமுகமாகிறது, அதில் படிகளின் பெயர்கள் வேறு. உங்கள் கவுன்சில் எந்த முறையில் போகிறது என்று அதன் பிளானிங் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டாலே சொல்வார்கள்.

ஒரே கடிதத்தை ஊரே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வலு கூடுமா?

கவுன்சிலர்களுக்கு ஊரின் கோபம் தெரியும். இன்ஸ்பெக்டரைப் பொறுத்தவரை ஒரே வாதம் ஆயிரம் முறை வந்தாலும் அது ஒரு வாதம்தான். சங்கம் ஆழமான ஒரு பதிலைத் தயாரிக்கட்டும். நீங்கள் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை, உங்கள் சொந்த வார்த்தையில், அரைப் பக்கம் எழுதினால் போதும்.

எதை எழுதினால் எடுபடாது?

வீட்டு விலை குறையும், ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும், டெவலப்பர் பேராசைக்காரர், இது முதல் படி, நாளை எல்லா வயலும் போகும். இவை எதுவும் எடையில் ஏறாது. வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எழுதுவது எடுபடாது என்பது மட்டுமல்ல, அசிங்கமும்கூட. இனத்தைக் குறிவைத்து எழுதினால் கவுன்சில் அதைத் தூக்கி எறிந்துவிடும். நம் ஆட்கள் சிலரே 'அந்த மாதிரி ஆட்கள் வருவார்கள்' என்று கூட்டத்தில் பேசக் கேட்டிருக்கிறேன். நாம் வந்தபோது நம்மைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தால் போதும்.

எது எடுபடும்?

நேரில் போய்ப் பார்த்தது. ஒவ்வொரு வயலுக்கும் கவுன்சில் ஒரு மதிப்பீட்டுத் தாள் தயாரித்து இணையத்தில் போட்டிருக்கும். அதை அச்சடித்து, பொது நடைபாதை வழியாக வயலைச் சுற்றி வாருங்கள். தாளில் 'வடக்கு எல்லையில் உறுதியான வேலி' என்று இருக்கும். போய் நின்றால் ஐந்தாறு ஹாதார்ன் செடி, நடுவில் டிராக்டர் போகும் அளவுக்குச் சந்து, அதற்கப்புறம் தொங்கும் ஒற்றைக் கம்பி. இது ஏன் முக்கியம் என்றால், கிரீன் பெல்ட்டின் புதிய எல்லை எளிதில் அடையாளம் தெரிகிற, நிலைத்து நிற்கக்கூடிய இயற்கை அல்லது கட்டுமான அடையாளத்தின் மேல் அமைய வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. ரோடு, ஆறு, ரயில் பாதை, அடர்ந்த மரவரிசை என்றால் சரி. ஒற்றைக் கம்பி எல்லை ஆகாது. அந்த இடத்தில் ஒரு போட்டோ, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று ஒரு அம்புக்குறி, தேதி. இரண்டு பக்கக் கண்ணீரைவிட இது பேசும்.

வெள்ளமும் அப்படித்தான். 'அங்கே தண்ணீர் தேங்கும்' என்பது வெறும் பேச்சு. இன்ன தேதி காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் எடுத்த படம், அதே இடம் சுற்றுச்சூழல் முகமையின் மேற்பரப்பு நீர் வரைபடத்தில் நீலமாக இருக்கிறது, குறைந்த ஆபத்துள்ள மாற்று இடங்களைக் கவுன்சில் முதலில் பார்த்ததா என்ற கேள்வி: மூன்றையும் சேர்த்து வைத்தால் யாரும் தள்ளிவிட முடியாது.

பஸ்ஸையும் பாருங்கள். 'நிறுத்தம் 400 மீட்டருக்குள்' என்று தாளில் டிக் போட்டிருப்பார்கள். நிறுத்தம் இருக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்குப் போகிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டைம்டேபிளை இணைத்துவிடுங்கள்.

ரோடு ஏற்கெனவே நெரிசல். அதைச் சொன்னால் போதாதா?

போதாது. பாதுகாப்புக்கு ஏற்க முடியாத பாதிப்பு அல்லது ரோடு வலைப்பின்னலின் மேல் 'கடுமையான' கூட்டு விளைவு இருந்தால்தான் போக்குவரத்தைக் காரணம் காட்டி மறுக்கலாம். 'காலையில் ஐந்து நிமிஷம் தாமதம்' என்பது அந்த வரம்பைத் தொடாது. நடைபாதை இல்லாத வளைவில் குழந்தைகள் ஸ்கூலுக்கு நடக்கிறார்கள் என்பது பாதுகாப்புப் பிரச்சினை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் சங்கத்தில் சேர எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா?

நியாயமான கேள்வி. நாடு முழுக்க வருஷத்துக்கு சுமார் 3,70,000 வீடு என்ற கணக்கில் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒரு எண் வருகிறது. அதைத் தவிர்க்கக் கவுன்சிலுக்கு வழியில்லை. பிளானே இல்லாமல் இழுத்தடித்தால், ஐந்து வருஷத்துக்குத் தேவையான வீடுகளுக்கு நிலம் கையிருப்பில் இருப்பதாகக் காட்ட முடியாத நிலை வரும். அப்போது டெவலப்பர்கள் தாங்கள் நினைத்த வயலுக்கு விண்ணப்பம் போட்டு அப்பீலில் ஜெயிப்பார்கள். பிளானைத் தோற்கடித்துவிட்டோம் என்று கொண்டாடிய ஊர்கள் பிறகு மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

'அந்த வயல் வேண்டாம், இந்த இடம் ஆகட்டும், இத்தனை வீடு, அதில் இவ்வளவு வாடகைக்கு' என்று சொல்லும் சங்கத்தைத்தான் அதிகாரிகள் திரும்ப அழைத்துப் பேசுகிறார்கள். எங்கள் கமிட்டியில் இதற்காகவே சண்டை நடந்திருக்கிறது, ஒருவர் ராஜினாமாவே செய்தார். திட்டத்தை ஆதரித்து எழுதவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆதரவுக் கடிதங்கள் அரிதாகவே வருவதால் அவை கண்ணில் படும்.

நெய்பர்ஹுட் பிளான் போட்டால் தப்பிக்கலாமா?

ஒரு ஊர் தனக்கென்று போட்டுக்கொள்ளும் பிளான் அது, 2011 சட்டம் தந்த வழி. பாரிஷ் கவுன்சில் தயாரித்து, ஊர் வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் சட்ட வலு பெறும். ஆனால் அதை வைத்து கவுன்சிலின் வீட்டு எண்ணிக்கையைக் குறைக்கவோ, கிரீன் பெல்ட்டைப் புதிதாக உருவாக்கவோ முடியாது. வடிவமைப்பு விதிகள், ஊர் நேசிக்கும் சிறு திடலை 'உள்ளூர்ப் பசுமைவெளி' ஆக்குவது, டெவலப்பர்கள் கட்டும் உள்கட்டமைப்புக் கட்டணத்தில் 15-க்குப் பதில் 25 சதவீதம் ஊருக்குக் கிடைப்பது (அந்தக் கட்டணம் வசூலிக்கும் கவுன்சிலானால்): இவை நல்ல பலன்கள். தயாரிக்க வருஷக்கணக்கில் ஆகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவன், வாடகை வீட்டில் இருக்கிறேன். எழுதலாமா? இங்கிலீஷும் அவ்வளவு சரளமில்லை.

தாராளமாக எழுதலாம். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், வீட்டுச் சொந்தக்காரராகவோ வாக்காளராகவோ இருக்க வேண்டியதில்லை. இலக்கணத்துக்கு மார்க் கிடையாது. பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும், பெயரோடு கடிதம் பொதுவில் வெளியாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்ஸ்பெக்டர் முன் பேச வேண்டியிருக்குமா? பயமாக இருக்கிறதே.

'ரெகுலேஷன் 19' கட்டத்தில் மாற்றம் கேட்டு எழுதியவர்களுக்கு நேரில் பேச உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. கோர்ட் மாதிரி இருக்காது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் முன்பே அனுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுப்பார். டெவலப்பர் பக்கம் பாரிஸ்டர் இருப்பார், கவுன்சில் பக்கம் கன்சல்டன்ட் இருப்பார். அவர்களில் யாரும் அந்த வயலில் பிப்ரவரி மாதம் நடந்திருக்க மாட்டார்கள், நீங்கள் நடந்திருப்பீர்கள். எழுதியதையே திரும்ப வாசிக்காதீர்கள், அதை அவர் ஏற்கெனவே படித்திருப்பார்.

எல்லாம் தோற்றுவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாமா?

பிளான் நிறைவேறிய ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். முடிவு பிடிக்கவில்லை என்று போக முடியாது, சட்டப் பிழை இருக்க வேண்டும். சூழல் வழக்குக்கான சலுகை கிடைத்தால், தோற்றாலும் எதிர்த்தரப்புச் செலவில் நீங்கள் கட்டுவது பொதுவாகத் தனி ஆளுக்கு 5,000 பவுண்டும் அமைப்புக்கு 10,000 பவுண்டும் தாண்டாது. உங்கள் வக்கீல் செலவு தனி.

ஜெயித்தவர்களும் உண்டு. லீட்ஸில் ஏர்பரோ பகுதியின் நெய்பர்ஹுட் ஃபோரம் (அங்கே குடியிருப்பவர்களின் பிளானிங் குழு), எந்தெந்த நிலம் வீட்டுக்கு என்று ஒதுக்கிய நகரின் திட்டத்தை எதிர்த்து 2020-ல் வென்றது. திட்டம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே நகரத்துக்குத் தேவையான வீட்டு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்படியும் இத்தனை கிரீன் பெல்ட் இடங்கள் ஏன் வேண்டும் என்பதற்குப் போதிய காரணம் சொல்லவில்லை என்றார் நீதிபதி. கிரீன் பெல்ட்டிலிருந்து எடுத்த 37 இடங்களும் மறுபரிசீலனைக்குத் திரும்பின. காட்சி, மான், மனவருத்தம் எதுவும் அங்கே வாதமாகவில்லை. எண் மாறியது, காரணம் மாறவில்லை, அவ்வளவுதான்.

பிளான் நிறைவேறி, வயலும் போய்விட்டது. சங்கத்தை மூடிவிடலாமா?

வேலையே அப்போதுதான் ஆரம்பம். 'செக்‌ஷன் 106' ஒப்பந்தத்தில் (டெவலப்பர் கவுன்சிலோடு போடுவது) மலிவு வீடு எத்தனை, ஸ்கூலுக்கு எவ்வளவு, விளையாட்டுத் திடலை யார் பராமரிப்பது என்றெல்லாம் எழுதியிருக்கும். லாபம் குறைகிறது என்று டெவலப்பர் இரண்டு வருஷம் கழித்து அதைக் குறைக்கக் கேட்பார். அந்த விண்ணப்பத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள், சங்கத்தில் ஒருவர் கவனித்தாக வேண்டும். கட்டும் முன் இருந்ததைவிட இயற்கை வளம் 10 சதவீதம் கூட வேண்டும், அதை 30 வருஷம் காக்க வேண்டும் என்பது சட்டம், நட்ட மரங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று போய்ப் பார்ப்பது யார்? அதோடு கவுன்சில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது பிளானைத் திரும்பப் பரிசீலிக்க வேண்டும். அடுத்த துண்டறிக்கையை யாராவது அச்சடிக்க வேண்டியிருக்கும், எங்கள் ஊரில் அந்தப் பிரிண்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது.